காணாமற்போன 11 ஆண்டுகளும் அடகிலிருக்கும் நகையும்

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கும் எனக்கு இன்னும் சில மாதங்களில் 55 வயது பூர்த்தியாகிறது. 1993 முதல் 2004 வரை புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் கணக்கெழுதினேன். அதன் பின் இன்றுவரை ஒரே நிறுவனத்தில் இருக்கிறேன். ஊழியர் சேமலாப நிதிய அறிக்கையில் 2004க்குப் பிந்திய 21 இலட்சம் ரூபாய் மட்டுமே காணப்படுகிறது. முந்திய 11 ஆண்டுகள் இல்லை. அந்தக் கடையும் மூடப்பட்டுவிட்டது. எல்லாம் சேர்ந்து 40 இலட்சம் வரும் என்று எண்ணி, வெளிநாடு போகவிருக்கும் அக்காவின் மகனுக்கு 15 இலட்சம் தருவதாகச் சொல்லி, மனைவியின் நகைகளை அடகு வைத்து 6 இலட்சம் கொடுத்துவிட்டேன். மாதம் 2 சதவீத வட்டி. எட்டு மாதங்களாக வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்து வருகிறேன். பத்துச் சதவீதம் தந்தால் பழைய பணத்தை எடுத்துத் தருவதாக ஒரு தரகர் சொல்கிறார். காப்புறுதி முகவர் ஒருவரோ முழுத் தொகையையும் தமது ஓய்வூதியத் திட்டத்தில் போடச் சொல்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் ஊழியர் கட்டும் 8 சதவீதத்தையும் முதலாளி கட்டும் 12 சதவீதத்தையும் கணக்கெழுதுபவருக்கு நான் விளக்கத் தேவையில்லை. காணாமற்போன ஆண்டுகளைப் பற்றி நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது, கைக்கு வராத பணத்தை நம்பி வாக்குக் கொடுப்பதும் அந்த வாக்கைக் காப்பாற்ற வட்டி கட்டிக்கொண்டிருப்பதுமாகிய பழக்கமே.

மாதம் 2 சதவீதம் என்பது சிறிய எண்ணாகத் தெரியும். 6 இலட்சத்துக்கு அது மாதம் 12,000 ரூபாய், ஆண்டுக்கு 1,44,000 ரூபாய். இதுவரை 96,000 ரூபாய் போய்விட்டது. அடகுக் கடனின் முதல் தொகையில் ஒரு சதமும் குறையவில்லை. ஊழியர் சேமலாப நிதியம் 2023ஆம் ஆண்டுக்கு 13 சதவீதமும் 2024ஆம் ஆண்டுக்கு 11 சதவீதமும் வட்டி வழங்கியது. ஒரு பக்கம் 11 சதவீதம் ஈட்டும் சேமிப்பை வைத்துக்கொண்டு மறுபக்கம் 24 சதவீதம் கட்டுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்ளுவதற்குச் சமம். ஆகவே பழைய பதிவுகள் கிடைக்கும்வரை அடகைப் புதுப்பித்துக்கொண்டிராமல், மனைவியின் சம்மதத்துடன் அந்த நகைகளில் சிலவற்றை விற்று மிகுதியை இந்த மாதமே மீட்டுவிடுங்கள். நகை விற்பது நம் வீடுகளில் எளிதான பேச்சல்ல என்பது எனக்குத் தெரியும். ஆயினும் தங்கத்தின் விலை உயர்ந்திருக்கும் இக்காலத்தில், எல்லாவற்றையும் விற்க வேண்டிய நிலை பெரும்பாலும் வராது.

இனி அந்த 11 ஆண்டுகள். அக்காலத்தில் உங்கள் சராசரிச் சம்பளம் 5,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இரு தரப்புப் பங்களிப்பும் சேர்ந்து மாதம் 1,000 ரூபாய், 11 ஆண்டுகளுக்கு 1,32,000 ரூபாய். இந்தச் சிறு தொகை ஆண்டுக்கு 10 சதவீதம் வீதம் வளர்ந்திருந்தால் 2004இல் சுமார் 2.2 இலட்சமாகவும், அடுத்த 21 ஆண்டுகளில் ஏறக்குறைய 16 இலட்சமாகவும் ஆகியிருக்கும். ஆனால் முதலாளி பணத்தைக் கட்டியிருந்து அது உங்கள் பெயரில் சரிவரப் பதியப்படாமல் இருந்தால்தான் இந்தக் கணக்குப் பொருந்தும். அவர் கட்டவே இல்லையென்றால், தாமதத்துக்கான மேலதிகக் கட்டணம் எவ்வளவு நீண்டாலும் 50 சதவீதத்தைத் தாண்டாது என்பதால், பேச்சு 2 இலட்சத்துக்குள் சுருங்கிவிடுகிறது. அதையும் தொழில் ஆணையாளர் நீதவான் நீதிமன்றத்தின் வழியாக அறவிட வேண்டும். மூடப்பட்ட கடையிடமிருந்து அது இலகுவில் வராது. 16 இலட்சமா, 2 இலட்சமா, ஒன்றுமே இல்லையா என்று தெரியாத நிலையில் அக்காவின் மகனுக்கு எப்படி வாக்குக் கொடுத்தீர்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

ஆகவே முதலில் அறிய வேண்டியது, கடை அந்த ஆண்டுகளில் பணம் கட்டியதா என்பதே. அதற்குக் கடையின் தொழில்கொள்வோர் பதிவிலக்கம் வேண்டும். உங்கள் பழைய சம்பளச் சீட்டிலோ, நிதியத்தின் அங்கத்தவர் அட்டையாகிய 'பி' அட்டையிலோ அது இல்லையென்றால், அதே கடையில் உங்களுடன் வேலை செய்து ஏற்கெனவே பணத்தைப் பெற்றுக்கொண்ட ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அவருடைய அறிக்கையில் அந்த இலக்கம் இருக்கும், அவருக்குப் பணம் வந்திருக்கிறது என்பதே கடை கட்டியதற்கு நல்ல அறிகுறி. நிதியைப் பராமரிக்கும் மத்திய வங்கியிடமும், தொழில்கொள்வோரின் விபரங்களைக் கையாளும் நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்திடமும் அந்த இலக்கத்துடன் எழுத்தில் கேளுங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியில் கிடைத்த திகதியைக் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். முதலாளி மட்டும் பங்களிக்கும் ஊழியர் நம்பிக்கை நிதியம் வேறு சபையின் கீழ் வேறு பதிவாக இருப்பதால் அங்கும் விசாரியுங்கள். அங்கே உங்கள் பெயர் அக்காலத்தில் காணப்பட்டால், நீங்கள் அந்தக் கடையில் வேலை செய்ததற்கு அதுவே சான்று.

ஒவ்வொரு தொழில்கொள்வோரிடமும் அங்கத்தவர் இலக்கம் வேறு என்பதால், இலக்கங்களை இணைப்பது பெயரும் தேசிய அடையாள அட்டை இலக்கமும்தான். நம்மவர்களில் தகப்பன் பெயரை ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் இன்னோரிடத்தில் முழுமையாகவும் எழுதிவைத்தவர்கள் ஏராளம். 1993இல் கடைக்காரர் உங்கள் பெயரை எப்படி எழுதிக் கொடுத்தார் என்பது யாருக்குத் தெரியும்? பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வேலை செய்த கடிதம், தேவைப்பட்டால் ஒரு சத்தியக் கடதாசி ஆகியவற்றுடன் பெயர்த் திருத்தத்தை முடித்த பின்பே, பணத்தை மீளப் பெற விண்ணப்பிக்கும் 'கே' படிவத்தைக் கொடுங்கள். 55 வயதானதும் எடுத்தே தீர வேண்டிய பணமல்ல இது.

தரகரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 16 இலட்சம் கிடைத்தால் 1,60,000 ரூபாய் அவருக்குப் போகும். நீங்கள் வரிசையில் நின்று செய்யக்கூடியதையே அவரும் செய்வார், அத்துடன் உங்கள் அடையாள அட்டைப் பிரதியும் வங்கிப் புத்தகமும் அவர் கையில் இருக்கும்.

21 இலட்சத்தை மட்டுமே உங்கள் முழுச் சேமிப்பாகக் கொண்டு பாருங்கள். அடகுக்கு 6 இலட்சமும் மருமகனுக்கு மீதி 9 இலட்சமும் போனால் எஞ்சுவது 6 இலட்சம். அதை 8 சதவீத வைப்பிலிட்டால் மாதம் 4,000 ரூபாய், அதிலும் நிறுத்திவைப்பு வரி 10 சதவீதம் கழியும். கொழும்பில் அது மின்சாரப் பட்டியலுக்கே போதாது. அக்காவையும் அத்தானையும் நேரில் சந்தித்து, கொடுத்த 6 இலட்சத்துக்கு மேல் இப்போது தர இயலாது என்று சொல்லிவிடுங்கள். பயண முகவரின் தவணைக்கு முன் சொல்வது அவர்களுக்கும் நல்லது.

காப்புறுதி முகவரின் திட்டத்தைப் பொறுத்தவரை, வருடாந்தக் கட்டணங்கள் கழிந்த பின் உத்தரவாதமாக எவ்வளவு கிடைக்கும் என்றும், இரண்டாம் ஆண்டில் பணத்தைத் திருப்பிக் கேட்டால் எவ்வளவு கைக்கு வரும் என்றும் எழுத்தில் கேளுங்கள். வண்ணப் படங்களுள்ள கையேட்டைத் தவிர வேறெதுவும் தர அவர் மறுத்தால், பணத்தை இருக்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள்.