வயல் ஓரத்தில் பள்ளிக்கூடம்: கேட்டீர்கள், சொல்கிறேன்

தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் தனியார் பள்ளி கட்ட வரைபடம் போட்டு, நில உபயோக மாற்ற ஃபைலோடு பல வருடமாக அலைகிறவன் நான். வந்த கேள்விகளில் பொதுவானவற்றுக்கு இங்கே பதில்.

அண்ணா, எங்கள் டிரஸ்ட் பெயரில் மூன்றரை ஏக்கர் புன்சை, பட்டா இருக்கிறது. ஊராட்சித் தலைவர் அனுமதி தருகிறேன், கட்டுங்கள் என்கிறார். போதுமா?

போதாது தம்பி. நிலம் யாருடையது என்றுதான் பட்டா சொல்லும், அதில் என்ன கட்டலாம் என்று சொல்லாது. உங்கள் சர்வே எண் முழுமைத் திட்டப் பகுதிக்குள், அதாவது மாஸ்டர் பிளான் போட்ட பகுதிக்குள் வந்து, அங்கே விவசாய உபயோகம் என்று இருந்தால் அதைக் கல்வி நிறுவன உபயோகமாக மாற்ற வேண்டும். திட்டப் பகுதிக்கு வெளியே என்றாலும் 1971 நகர் ஊரமைப்புச் சட்டம் 47-ஏ பிரிவுப்படி நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டிடிசிபி) இசைவு வேண்டும். நஞ்சை என்றால் ஆட்சியர், வேளாண் இணை இயக்குநர் வரை ஃபைல் போகும். இது முடிந்த பிறகுதான் கட்டட வரைபடம், அப்புறம் தீயணைப்பு, சுகாதாரச் சான்று, கட்டட உறுதிச் சான்று, தாசில்தாரின் கட்டட உரிமம் எல்லாம். தயவுசெய்து அதற்கு முன்னால் அஸ்திவாரம் தோண்டாதீர்கள்.

எங்களிடம் இரண்டேகால் ஏக்கர்தான் இருக்கிறது. ஊராட்சிப் பகுதி. ஏதாவது வழி உண்டா சார்?

ஊராட்சியில் 3 ஏக்கர், பேரூராட்சியில் 1 ஏக்கர் என்ற அளவு கும்பகோணம் பள்ளித் தீ விபத்துக்குப் பிறகு வந்தது. 2004 ஜூலை 16, 94 குழந்தைகள் போனார்கள். குறுக்கு வழி என்னிடம் கேட்காதீர்கள், பக்கத்து நிலத்தை வாங்கப் பாருங்கள்.

அய்யா, நான் விவசாயி. என் வயல் தண்ணீர் வடிகிற பக்கம் பள்ளிக்கூடம் வரப்போகிறதாம். வடிகால் அடைபடுமோ என்று பயம். எங்கே சொல்வது?

உங்கள் பயம் நியாயமானது. நானே பார்த்த ஒரு இடம்: நாலடி அகல வடிகால் வாய்க்காலின் குறுக்கே காம்பவுண்டு சுவர், அடியில் ஒரே ஒரு ஒன்பது அங்குலக் குழாய். ஐப்பசி மழையில் குழாய் வாயில் வைக்கோலும் பாலிதீன் பையும் அடைத்துக்கொண்டு, மேலே இருந்தவர் வயலில் பால்பிடித்த கதிர் வரை தண்ணீர், நாலு நாள் வடியவே இல்லை. பள்ளிக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை, வாய்க்கால் என்று அவர்களுக்கு யாரும் காட்டவில்லை, மனை போட்டு விற்றவர் அதை ஏற்கெனவே மண்ணடித்து மூடியிருந்தார்.

அதனால் முதலில் கிராம வரைபடமும் அந்த சர்வே எண்ணின் புலப்படமும் (எல்லை அளவுகளோடு வரைந்த படம், எஃப்எம்பி) வாங்குங்கள், கிராம நிலங்களின் வகையைச் சொல்லும் அ-பதிவேட்டில் அந்த வாய்க்கால் புறம்போக்கா என்று பாருங்கள். புறம்போக்கு என்றால் பட்டாதாரர் அதைத் தொடவே முடியாது. திட்டப் பகுதி என்றால் உபயோக மாற்றத்துக்கு அறிவிப்பு வரும்போது ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள், இல்லையென்றால் ஆட்சியருக்கும் நீர்வளத் துறைக்கும் மனு. "பள்ளி வேண்டாம்" என்று எழுதாதீர்கள். "இந்த எண்ணில் இவ்வளவு அகல வாய்க்கால் இருக்கிறது, அதைத் திறந்தபடி விட வேண்டும்" என்று படத்தோடு எழுதுங்கள். அப்படி வருகிற மனுவை ஒதுக்கிவைக்க முடியாது. புறம்போக்கு இல்லாமல் பட்டா நிலம் வழியே காலங்காலமாக ஓடுகிற ஓடை என்றால் சிரமம்தான், அனுபவப் பாத்தியம், அதாவது நெடுநாள் அனுபவத்தால் வரும் உரிமை உண்டா என்று வக்கீலிடம் கேளுங்கள்.

வழி பற்றி? எங்கள் இடத்துக்கு இருபதடி பாதை இருக்கிறது.

தரையில் இருபதடி இருக்கும், புலப்படத்தில் பத்தடி வண்டிப்பாதையாக இருக்கலாம். பள்ளி வாகனம் எதிர் எதிரே வர இடம் வேண்டும், கூடவே அறுப்பு மெஷினும் அதே வழியில்தான் வரும். வாங்குவதற்கு முன்னால் சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள்.

திருவாரூர் பக்கம். வேளாண் மண்டலச் சட்டம் வந்ததால் பள்ளி கட்ட முடியாது என்கிறார்கள், உண்மையா?

இல்லை. டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய அந்த 2020 சட்டம் தடுப்பது ஹைட்ரோகார்பன், உருக்காலை மாதிரியான பட்டியலிட்ட தொழில்களை. பள்ளி அதில் இல்லை. ஆனால் டெல்டா நஞ்சைக்கு உபயோக மாற்றம் எளிதாகக் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது என்பது என் எண்ணம். மேட்டுப் புன்சை தேடுங்கள்.

நான் ஆசிரியை. பக்கத்து வயலில் மருந்து அடித்தால் வகுப்பறை வரை வாடை. புகார் கொடுக்கலாமா?

முதலில் அவரிடம் போய்ப் பேசுங்கள் டீச்சர், வயல் உங்களுக்கு முன்னாலேயே அங்கே இருந்தது. ஞாயிறு காலையிலோ பள்ளி விட்ட பிறகோ அடிக்க முடியுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அந்தப் பக்க வேலியோரம் நெருக்கமாக மரம் வையுங்கள், வரப்பிலிருந்து தள்ளி, நிழல் அவர் பயிரில் விழாதபடி.