உப்பு எங்கே போகிறது?

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் வீடு, கோவையில் ஜவுளித் தொழில்நுட்பம் படிக்கிறேன். சுற்றுச்சூழல் தாளை முதலாம் ஆண்டிலேயே எழுதி முடித்தாயிற்று. முந்தின நாள் இரவு இரண்டு மதிப்பெண் கேள்விகளை மனப்பாடம் செய்ததோடு சரி, இப்போது ஒன்றும் நினைவில்லை. பொறியியல் மாணவர்களுக்கு இந்தப் பாடம் தேவைதானா?

ச.

அன்புள்ள ச.,

தேவைதான். ஆனால் அதை ஒரு தனித் தாளாக ஒதுக்கி வைத்ததுதான் கோளாறு என்று நினைக்கிறேன். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் கேட்டது சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கும்படி. அதன்படி பின்னால் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) தயாரித்த 6 மாதப் பாடத்திட்டத்தில் களப்பணியும் உண்டு. எனக்குத் தெரிந்த கல்லூரிகளில் அது ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவதோடு முடிந்துவிடுகிறது.

உங்கள் சாயமேற்றும் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1 கிலோ பனியன் துணி, 10 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 60 கிராம் உப்பு. துணியில் எவ்வளவு சாயம் ஏறியது என்று கணக்குக் கேட்பார்கள், நீங்களும் போட்டுவிடுவீர்கள். அந்த 600 கிராம் உப்பு? அது சாயத்தைத் துணியில் ஏற்றிவிட்டு, கிட்டத்தட்ட அப்படியே தண்ணீரோடு வெளியே போய்விடுகிறது. உள்ளே போன பொருளுக்கும் வெளியே வந்த பொருளுக்கும் கணக்குப் பார்க்கும் மெட்டீரியல் பேலன்ஸ் போடத் தெரிந்த பிள்ளைகளிடம் இந்தக் கடைசி வரியை நாம் கேட்பதே இல்லை.

அந்த உப்பு போன இடத்தை நான் பார்த்திருக்கிறேன். நொய்யல் ஆற்றின் குறுக்கே 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்குக் கட்டிய அணையில் திருப்பூர் சாயப்பட்டறைகளின் சாயத் தண்ணி தேங்கி, கடைசியில் திறந்துவிட வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும்படி ஆயிற்று. நான் போனபோது கரையோர மண் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. மிதித்தால் அப்பளம் போல நொறுங்கியது. விவசாயிகள் வழக்கு நடத்தி, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பிறகுதான் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத முறைக்கு வந்தார்கள். அதிலும் தண்ணீரைச் சவ்வு வழியே அழுத்தி வடிகட்டும் ஆர்ஓ உப்பை அழிப்பதில்லை, கெட்டியான கரைசலாக ஒதுக்கித்தான் தருகிறது. அதைக் காய்ச்ச எரிபொருள் வேண்டும். திரும்பப் பயன்படுத்த முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக மிஞ்சுகிறது. இதெல்லாம் சாயமேற்றும் பாடத்துக்குள்ளேயே வர வேண்டியது, அதைத் தனித் தாளுக்குத் தள்ளிவிட்டால் எப்படி?

ஒன்று செய்யுங்கள். உங்கள் ஆய்வகத்தில் சாயத் தண்ணியைக் கொட்டும் தொட்டியின் குழாய் எங்கே போய் முடிகிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.