தினமும் மலை ஏறும் வண்டிக்கு எந்த சஸ்பென்ஷன்? கேள்வி பதில்

கம்பம், போடி, குமுளி, பூப்பாறைப் பக்கமிருந்து ஜீப்பும் பிக்கப்பும் ஓட்டுபவர்கள் கேட்ட கேள்விகள் இவை. காலையில் மேடு ஏறி, ஏலத்தோட்டத்துக் கல் பாதையில் உழன்று, சாயங்காலம் இறங்கி வரும் வண்டிகளைத்தான் எங்கள் ஸ்பிரிங் பட்டறையில் அதிகம் பார்க்கிறேன். அதை வைத்தே பதில் சொல்கிறேன். சஸ்பென்ஷன் என்றால் சக்கரத்துக்கும் வண்டி உடம்புக்கும் நடுவில் எடையையும் அதிர்ச்சியையும் தாங்கும் ஸ்பிரிங், ஷாக் எல்லாம் சேர்ந்தது.

கம்பத்திலிருந்து: அண்ணே, பொலிரோ பிக்கப் வைத்திருக்கிறேன். கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேட்டுக்குத் தினமும் உர மூட்டை போகிறது. திரும்பும்போது பெரும்பாலும் காலி. லோடு ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது. இரண்டு பட்டை (லீஃப் ஸ்பிரிங் தகடு) சேர்த்துப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். போடலாமா?

தம்பி, முதலில் எடையைப் பாருங்கள். 50 கிலோ மூட்டை 20 ஏற்றினாலே ஒரு டன். ஆர்.சி.யில் போட்டிருக்கும் எடைக்குள் ஏற்றியும் வண்டி உட்கார்ந்தால் பட்டை தொய்ந்துவிட்டது. அதற்கு மேல் ஏற்றித்தான் உட்கார்கிறது என்றால் பட்டை மேல் குற்றமில்லை, மூட்டையைக் குறையுங்கள்.

தொய்ந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். சமதரையில் காலி வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்தால் அந்தச் செட்டில் பட்டை உடைந்திருக்கலாம், பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் பக்கத்தில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். இரண்டும் இறங்கியிருந்தால் செட்டையே மாற்றுவது நல்லது. பழைய பட்டையைக் காய்ச்சி வளைத்துத் தருவது மலிவுதான். ஆனால் முறையாகப் பதம் ஏற்றாமல் கொடுத்தால் கொஞ்ச நாளில் மறுபடி தொய்ந்துவிடும்.

இரண்டு முழுப் பட்டை சேர்ப்பதற்கு நான் எதிரி. சேர்க்கிற பட்டை கனமாக இருந்தால் இன்னும் மோசம், பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் (கனம் × கனம் × கனம்) கூடும். 6 மி.மீ. பட்டை இருக்க வேண்டிய இடத்தில் அதே நீளத்தில் 8 மி.மீ. போட்டால், அந்த ஒரு பட்டை மட்டும் இரண்டு மடங்குக்கும் மேல் விறைத்துவிடும். லோடோடு ஏறும்போது சுகமாகத்தான் இருக்கும். காலியாக இறங்கும்போது பின்சக்கரம் ஒவ்வொரு பள்ளத்திலும் துள்ளும். துள்ளுகிற சக்கரம் ரோட்டைப் பிடிக்காது. மழை நாளில், கொண்டை ஊசி வளைவில், பிரேக் மிதிக்கும் நேரத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

உங்களுக்கு வேண்டியது ஹெல்பர் பட்டை. காலியாக இருக்கும்போது அது வேலை செய்யாது. லோடு ஏறி மேல்செட் (முதன்மைப் பட்டைகள்) தாழ்ந்து வந்து அதன்மேல் உட்காரும்போதுதான் தாங்கும். உங்கள் வண்டியில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் அது நிமிர்ந்துபோய்விட்டதா என்று பார்த்து, அதை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

இன்னொன்று, பட்டறையில் பலர் சொல்லாமல் விடுவது. பல பிக்கப்புகளில் பின் ஆக்சிலுக்கும் (சக்கர அச்சு) சேசிஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) நடுவில் ஒரு கம்பியோடு இணைத்த பிரேக் வால்வு இருக்கும். வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் பின்சக்கரத்துக்கு எவ்வளவு பிரேக் கொடுப்பது என்று அது தீர்மானிக்கும். பட்டை ஏற்றிப் பின்பக்கத்தை உயர்த்திவிட்டால், லோடு இருந்தும் வண்டி காலி என்று நினைத்துப் பின்பிரேக்கைக் குறைத்துவிடும். குனிந்து பாருங்கள். அப்படி ஒரு வால்வு இருந்தால், பட்டை வேலை முடிந்ததும் அதைச் சரிசெய்யாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

குமுளியிலிருந்து: சார், 2020-க்குப் பிறகு வந்த புதிய மஹிந்திரா தார் ஜீப் வைத்திருக்கிறேன். வாரம் முழுக்க வேலைக்குப் போய் வர, ஞாயிற்றுக்கிழமை மட்டும் மண் பாதை. வண்டியை இரண்டு அங்குலம் லிஃப்ட் செய்து உயர்த்தச் சொல்கிறார்கள்.

எதில் போய் அடி தட்டியது என்று முதலில் சொல்லுங்கள். கம்பெனி கொடுத்ததே 226 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டி அடிக்கும் நடுவிலுள்ள இடைவெளி. நம் பக்கத்துத் தோட்டப் பாதையில் அது தட்டுகிறது என்றால் பெரும்பாலும் சக்கரம் வைக்கும் இடம் தவறு. உயரம் குறைவு என்று சொல்ல மாட்டேன்.

இந்த வண்டிக்கு முன்னால் தனித்தனி சஸ்பென்ஷன், பின்னால் ஒரே ஆக்சிலில் காயில் (சுருள்) ஸ்பிரிங். முன்பக்கத்தை உயர்த்தினால் சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட்டின் கோணம் கூடும். அந்த ஷாஃப்ட்டை வளைந்து சுழல விடும் சி.வி. ஜாயின்ட்டின் ரப்பர் உறை கிழியும், உள்ளே மண் போகும், அப்புறம் ஜாயின்ட்டே போகும். வண்டி உயர்ந்தால் வளைவில் சாய்வதும் கூடும். ஆறு நாள் தார் ரோட்டில் ஓடும் வண்டி அந்த ஆறு நாளுக்குத்தான் பொருந்த வேண்டும். பணம் செலவழிக்க மனம் இருந்தால் நல்ல டயரும் நல்ல ஷாக்கும் (ஷாக் அப்சார்பர்) வாங்குங்கள். உயரத்தில் கை வைக்க வேண்டாம்.

சட்டமும் இருக்கிறது. கம்பெனி விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. கேரளத்து வழக்கு ஒன்றிலேயே 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. டி.என். 60 (தேனி மாவட்டப் பதிவு) போர்டோடு நம்மில் பலர் தினமும் கேரளத்துக்குள் போகிறவர்கள், அங்கே சோதனை கடுமை. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பதும் இதைத்தான்.

போடியிலிருந்து: பழைய தார் ஜீப், முன்னால் டார்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் இரும்புக் கம்பி). திருகி உயர்த்தினேன். இப்போது ஒவ்வொரு குழியிலும் டங் என்று அடிக்கிறது.

டார்ஷன் பாரைத் திருகினால் அது விறைப்பதில்லை, வண்டி நிற்கும் உயரம்தான் மாறுகிறது. சக்கரம் கீழே இறங்குவதற்கு இருந்த இடத்தை நீங்கள் உயரத்துக்குக் கொடுத்துவிட்டீர்கள். குழியில் சக்கரம் இறங்கப் பார்க்கும்போது உடனே கடைசி வரை போய் ஸ்டாப்பரில் இடிக்கிறது. பழைய அளவுக்கு இறக்கி வீல் அலைன்மென்ட் பாருங்கள். சத்தம் நின்றுவிடும்.

உடும்பன்சோலை பக்கமிருந்து ஒரு பெண்: அண்ணா, என் அம்மா தினமும் ஜீப்பில் ஏலக்காய் பறிக்கப் போகிறார். கடைசி சீட்டில் உட்கார்ந்து முதுகு போய்விட்டது. டிரைவரிடம் என்ன மாற்றச் சொல்லலாம்?

இந்தக் கேள்விக்காகவே மற்றவற்றைத் தள்ளி வைக்கலாம் தங்கச்சி. ஜீப்பின் பின்பெஞ்சு பின்சக்கரத்துக்கு மேலேயோ அதற்கும் பின்னாலோ இருக்கிறது. சக்கரம் குழியில் விழும்போது அந்த இடம்தான் அதிகமாகத் தூக்கிப் போடும். இரண்டு ஆக்சிலுக்கும் நடுவில் உட்கார்பவருக்கு அடி குறைவு. வயதானவர்களை முன்னால் உட்கார வைக்கச் சொல்லுங்கள், இதற்குக் காசு கிடையாது.

அடுத்தது ஷாக். டிரைவர்கள் பட்டை உடைந்தால் மாற்றுவார்கள், ஷாக் போனால் மாற்ற மாட்டார்கள், ஏனென்றால் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். எடையைத் தாங்குவது பட்டை, ஆட்டத்தை அடக்குவது ஷாக். வண்டியின் பின்மூலையை அழுத்தி விட்டால் ஒரு முறை எழும்பி நின்றுவிட வேண்டும். ஆடிக்கொண்டே இருந்தாலோ, ஷாக் உடம்பில் எண்ணெய் கசிந்திருந்தாலோ அது முடிந்தது. இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்ற வேண்டும்.

மூன்றாவது காற்று. லோடுக்கு ஏற்றபடி டயரைக் கல்லாக அடித்து வைத்துக்கொண்டு காலியாகவும் அதே காற்றில் ஓடுகிறார்கள். கதவுப் பக்கத்து ஸ்டிக்கரில் காலிக்கும் லோடுக்கும் தனித்தனி அளவு இருந்தால் அதன்படி மாற்றட்டும். கடைசியாக, அளவுக்கு மேல் ஆள் ஏற்றினால் எந்த ஸ்பிரிங்கும் உதவாது. ஆக்சில் ரப்பர் ஸ்டாப்பரில் போய் நேராக இடிக்கும், அந்த இடி முழுக்க உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்புக்குத்தான். நம் ஊர்ப் பெண்கள் ஒவ்வொரு நாளும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இந்த மேடு ஏறுகிறார்கள். டிரைவர் அண்ணன்மார் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

சூரியநெல்லியிலிருந்து: கொழுக்குமலைக்கு சவாரி ஓட்டுகிறேன். கேஸ் ஷாக் போடலாமா, ஆயில் ஷாக் போதுமா?

கேஸ் ஷாக்கிலும் எண்ணெய் உண்டு. எண்ணெயில் நுரை வராமல் இருக்கத்தான் கேஸ். கேட்க வேண்டியது ஒற்றைக் குழாயா, இரட்டைக் குழாயா என்று. ஒற்றைக் குழாய் ஷாக் சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும், பாலைவன மணலில் வேகமாகப் போகிறவர்களுக்கு அது தேவை. உங்கள் பாதை கல்லும் பள்ளமும், போவது நடை வேகம். அங்கே சூடு பெரிய சிக்கல் இல்லை, கல் அடிதான் சிக்கல். ஒற்றைக் குழாயில் வெளிச்சுவர் நசுங்கினால் உள்ளே பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். இரட்டைக் குழாயில் வெளிக்குழாய் கொஞ்சம் நசுங்கினாலும் உள்குழாய் வேலை செய்யும். நல்ல கம்பெனியின் கேஸ் நிரப்பிய இரட்டைக் குழாய் ஷாக், உங்கள் வண்டியின் நீளத்துக்குச் சரியானது, அதுவே போதும்.

பூப்பாறையிலிருந்து: மாருதி ஜிம்னிக்கு உயரமான காயில் ஸ்பிரிங் போட்டேன். ஸ்டியரிங் நேராக நிற்க மாட்டேன் என்கிறது, வண்டி ஒரு பக்கம் தள்ளினாற்போல் இருக்கிறது.

இரண்டும் ஒரே காரணம். ஜிம்னிக்கு முன்னும் பின்னும் முழு ஆக்சில். வண்டியை உயர்த்தும்போது முன் ஆக்சில் லேசாகச் சுழன்று காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) குறைகிறது, அதனால் ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பேன்ஹார்ட் ராடு அதே நீளத்தில் கீழ்நோக்கிச் சாய்வதால் ஆக்சிலை ஒரு பக்கம் இழுக்கிறது. காஸ்டர் திருத்தும் புஷ்ஷும் நீளம் மாற்றக்கூடிய ராடும் போட்டால் சரியாகும். ஆனால் போடிமெட்டின் 17 கொண்டை ஊசிகளில் தினமும் ஏறி இறங்கும் வண்டி இது. பழைய காயில் வீட்டில் இருந்தால் அதையே திருப்பிப் போடுங்கள் என்பதுதான் என் பதில்.

கூடலூரிலிருந்து: பட்டையில் பழைய இன்ஜின் ஆயில் ஊற்றினால் சத்தம் நிற்கும் என்கிறார்களே?

இரண்டு நாள் நிற்கும். அப்புறம் தூசி ஒட்டி அரைக்கும், ரப்பர் புஷ்ஷும் ஊறிக் கெட்டுவிடும். செட்டைக் கழற்றித் துரு தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் மெல்லியதாகத் தடவி மாட்டச் சொல்லுங்கள்.

குமுளியிலிருந்து இன்னொருவர்: போன வாரம்தான் புதுப் பட்டைச் செட் மாட்டினேன். இனி எப்போது பட்டறைக்கு வர வேண்டும்?

சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் வாருங்கள். புதுப் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்ததும், செட்டை ஆக்சிலோடு சேர்த்துக் கட்டும் யு போல்ட் இளகும். இளகியபடியே ஓடினால் சென்டர் போல்ட் முறியும், ஆக்சில் இடம் மாறும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, கம்பெனி சொன்ன அளவுக்கு, குறுக்கு வரிசையில் இறுக்க வேண்டும். புது யு போல்ட்தானே போட்டார்கள்? பழையதையே திரும்ப மாட்டியிருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். ஹெட்லைட் உயரத்தையும் அன்றைக்கே சரிசெய்துகொள்ளுங்கள். பின்பக்கம் உயர்ந்ததில் வெளிச்சம் கீழே விழும், மெட்டில் இரவில் தூரம் தெரியாது.