மத்தியானமானா கால் தொய்யுது

(இந்த இதழுக்கு வந்த கேள்விகள் எல்லாமே மூளை, தண்டுவட நரம்புகளைப் பாதிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோய், சுருக்கமாக எம்.எஸ்., பற்றியவை. பதில் எழுதுபவர் பாளையங்கோட்டையில் இருக்கும் ஓய்வு பெற்ற உடலியங்கியல் பேராசிரியை. 2006 முதல் தாமும் இதே நோயோடு இருப்பவர்.)

கேள்வி: என் மருமவளுக்கு 31 வயசு. ரெண்டு வருசத்துக்கு முன்ன எம்.எஸ்.னு சொன்னாவ. ஆறு மாசத்துக்கு ஒருக்க ஊசி போடுதோம். போன மாசம் ஸ்கேன் பாத்துட்டு, புதுசா ஒரு தழும்பும் இல்லைன்னுட்டாவ. காலையில நல்லா ஓடியாடி வேலை செய்யுதவ, மத்தியானமானா கால் தொய்யுதுன்னு உக்காந்துருதா. எங்களுது அப்பளம் போடுத வீடு, நாலு பேரு வந்து போற இடம். தழும்பே இல்லைன்னா கால் ஏன் தொய்யணும்? அவ சோம்பேறின்னு நான் சொல்லல. மத்தவங்க சொல்லுதாவ.
— பெயர் வேண்டாம் என்ற வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: அக்கா, உங்கள் கடைசி வரியை ரெண்டு தரம் படித்தேன். "மத்தவங்க" என்ற இடத்தில் பேனா கொஞ்சம் அழுந்தியிருக்கிறது. இருக்கட்டும், என் மாமியாரும் இப்படித்தான் இருந்தார்கள். நோய் வந்த புதிதில் காலேஜில் ரெண்டு மணி நேரம் நின்று பாடம் நடத்துவேன். வீட்டுக்கு வந்தால் அடுப்படி வரை நடக்கக் கால் வராது. "அங்கன நிக்க முடியுது, இங்கன நிக்க முடியலையாக்கும்" என்பார்கள். நரம்பைப் பற்றிப் பாடம் எடுக்கிறவளுக்கே அன்றைக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. இப்போது உங்களுக்குச் சொல்லுகிறேன்.

மூளையிலிருந்து இடுப்புப் பக்கத்துத் தண்டுவடம் வரைக்கும் ஒரே இழையாக ஓடும் நரம்புகள் உண்டு, சுமார் அரை மீட்டர் நீளம். காலை அசை என்ற உத்தரவு அந்த இழை வழியாகத்தான் போகிறது. இழையைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை. அந்த உறை தொடர்ச்சியாக இருக்காது, ஒரு மில்லிமீட்டருக்கு ஒன்று என்கிற மாதிரி சின்னச் சின்ன இடைவெளிகள் இருக்கும். பிரெஞ்சுக்காரர் ரான்வியே கண்டுசொன்னதால் அவற்றுக்கு ரான்வியே கணுக்கள் என்று பெயர். சமிக்ஞை இழை நெடுகவும் நடந்து போவதில்லை, கணுவுக்குக் கணு தாவும். நல்ல உறையுள்ள தடித்த நரம்பில் வினாடிக்கு 100 மீட்டர் வேகம்கூட உண்டு. உறையே இல்லாத மெல்லிய நரம்பில் ஒரு மீட்டர் போனால் பெரிது.

தாவுகிற ஒவ்வொரு கணுவிலும் சோடியம் கொஞ்சம் உள்ளே வரும். அதை வெளியே தள்ளிக்கொண்டே இருந்தால்தான் உத்தரவுகள் தொடர்ந்து போகும். தள்ளுவதற்கு நரம்பின் சுவரில் ஒரு பம்பு இருக்கிறது. மூன்று சோடியத்தை வெளியே விட்டு ரெண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்க, ஒரு ஏ.டி.பி. செலவு. ஏ.டி.பி. என்பது செல்லுக்கு டீசல் என்று வையுங்கள். அந்த டீசலைக் காய்ச்சித் தருவதுதான் மைட்டோகாண்ட்ரியா. உடல் எடையில் 2 சதவீதம்தான் மூளை, ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதம் அதற்குப் போகிறது. அதில் பெரும்பங்கு இந்த மாதிரி இறைப்பு வேலைக்குத்தான்.

எம்.எஸ்.ஸில் நம் உடம்பின் பாதுகாப்புச் செல்களே மயலினைத் தின்றுவிடுகின்றன. அப்படித் தின்ற இடம்தான் ஸ்கேனில் தழும்பாகத் தெரிவது. உறை போன இடத்தில் நரம்பு அப்படியே செத்துவிடுவதில்லை, அது சாமர்த்தியம் பண்ணும். கணுவில் மட்டும் நெருக்கமாக இருந்த சோடியம் வாசல்களை வெறும் இழை முழுக்கப் பரப்பிவிடும். அதனால் உத்தரவு மெதுவாகவாவது போய்ச் சேரும். ஆனால் இப்போது சோடியம் எல்லா வாசல் வழியாகவும் உள்ளே வருகிறது.

ஆலங்குளம் பக்கம் கிணறு வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஊற்றுத் தண்ணீர் கசியக் கசிய என்ஜின் வைத்து இறைத்துக்கொண்டே வெட்டுவார்கள். ஊற்று ஒன்று என்றால் ஒரு என்ஜின் போதும். பத்து இடத்தில் கசிந்தால்? உறை இழந்த இழைக்குள்ளே மைட்டோகாண்ட்ரியா எண்ணிக்கை கூடுவதை ஆராய்ச்சியாளர்கள் பார்த்திருக்கிறார்கள். கூடுதல் என்ஜின் இறக்குவது மாதிரிதான். சங்கடம் என்னவென்றால், அதே இடத்தில் அழற்சிச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு, ஆக்சிஜன் மூர்க்கிகள் (ஃப்ரீ ராடிக்கல்கள்) என்று புகையாகக் கக்கிக்கொண்டிருக்கும். மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனைக் கடைசியாகக் கையில் வாங்குகிற இயந்திரம் ஒன்று உண்டு, அதை நான்காம் கூட்டமைப்பு என்போம். நைட்ரிக் ஆக்சைடு போய் அதன் வாயை அடைக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் நரம்பால் அதை எரிக்க முடியாது. வேலை அதிகமான நேரம் பார்த்து என்ஜினின் காற்று வடிகட்டியில் கரி அப்பிய கதை.

இறைப்பு நின்றால் உள்ளே சோடியம் நிறையும். சோடியத்தை வெளியே விட்டுக் கால்சியத்தை உள்ளே வாங்கும் ஒரு மாற்றுவழி அப்போது திறந்துகொள்ளும் (வழக்கமாக அது நேர் எதிராக ஓடும்). கால்சியம் மிஞ்சினால் நரம்பின் உள்சட்டத்தையே வெட்டும் நொதிகள் விழித்துக்கொள்ளும். கிணற்றுச் சுவர் சரிகிற மாதிரி இழை அறுந்துபோகும். 1998இல் அமெரிக்க நரம்பியல் ஆராய்ச்சியாளர் புரூஸ் டிராப் குழுவினர், அழற்சி மும்முரமாக இருந்த தழும்புகளில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 11,000க்கும் மேல் அறுந்த இழைகளை எண்ணினார்கள். எம்.எஸ். என்றால் உறை போவது மட்டும்தான் என்று படித்து வளர்ந்தவள் நான். அந்தக் கட்டுரையைப் படித்த அன்று என் பாடக்குறிப்பை அடித்து எழுத வேண்டியதாயிற்று. எட்டு வருடம் கழித்து அது என் சொந்தக் கதையாகும் என்று அப்போது தெரியாது.

இனி உங்கள் மருமகள். ஊசி வேலை செய்கிறது, அதனால்தான் புதுத் தழும்பு இல்லை. பழைய தழும்பில் உறை இழந்தும் உயிரோடு இருக்கிற இழைகள் காலையில் ஈடுகொடுக்கின்றன. வேலை கூடக் கூட இறைப்பு கட்டுப்படியாகாமல் சமிக்ஞை வழியிலேயே நிற்கிறது. பிற்பகலில் உடம்புச் சூடும் இயல்பாகவே கொஞ்சம் ஏறும், அதுவும் சேர்ந்துகொள்கிறது. முதலில் கால் தொய்வதற்கும் காரணம் உண்டு. நீளமான இழைக்கு வழியில் தழும்பைச் சந்திக்கிற வாய்ப்பு அதிகம். கால்வாய் எங்கே உடைந்தாலும் கடைமடைக்காரன்தானே முதலில் காய்வான். சில தழும்புகளின் விளிம்பில், சாம்பலுக்கு அடியில் கங்கு மாதிரி, அழற்சி வருடக்கணக்காகப் புகைந்துகொண்டிருப்பதும் உண்டு. வழக்கமான ஸ்கேனில் அது புதுத் தழும்பாகத் தெரியாது.

எல்லாக் களைப்பையும் மைட்டோகாண்ட்ரியா தலையில் கட்டிவிடாதீர்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 பார்த்தாயிற்றா? ராத்திரி தூங்குகிறாளா? மனசு விட்டுப்போயிருக்கிறதா? இவையெல்லாம் சரிசெய்யக்கூடியவை, டாக்டரிடம் கேளுங்கள். வீட்டில் செய்ய வேண்டியது, உளுந்து மாவு பிசைவதோ உருட்டுவதோ காலை பத்து மணிக்குள் அவளுக்கு. அப்பளத்தை வெயிலில் பரப்புகிற வேலை வேறு யாருக்காவது. மத்தியானம் ஒரு மணி நேரம் படுக்கட்டும். அவள் படுத்திருக்கும்போது யாராவது கேட்டால் நீங்களே பதில் சொல்லுங்கள், அக்கா. மாமியார் சொன்னால் ஊர் கேட்கும்.

கேள்வி: வெயில்ல பஸ்ஸுக்கு நின்னா ஒரு கண்ணு மங்குது. வீட்டுக்கு வந்து ஃபேனுக்கு அடியில உக்காந்தா சரியாயிருது. நோய் கூடுதா மேடம்? குற்றாலத்துல குளிக்கலாமா?
— கல்லூரி மாணவி, பேட்டை

பதில்: எனக்கு இந்த நோய் வந்ததே அப்படித்தான். நெல்லையப்பர் ஆனித் தேர் பார்க்க ரத வீதியில் நின்றிருந்தேன். முன்னால் நின்ற அம்மாவின் குங்குமச் சிவப்புச் சேலை, இடது கண்ணில் மட்டும் வெளுத்துப்போன காவியாகத் தெரிந்தது. கண்ணை மாற்றி மாற்றி மூடிப் பார்த்துக்கொண்டே நின்றேன், தேர் நகர்ந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. முதலில் பார்த்த கண் டாக்டர் கண்ணாடியை மாற்றச் சொன்னார். புதுக் கண்ணாடியிலும் அந்தச் சிவப்பு திரும்பவில்லை.

சூட்டில் கண் மங்குவதை 1890இல் ஜெர்மன் கண் மருத்துவர் ஊட்ஹாஃப் எழுதிவைத்தார். நோயாளிகள் உடற்பயிற்சி செய்யும்போது பார்வை மங்குவதைப் பார்த்து, காரணம் உழைப்பு என்று நினைத்தார். சூடுதான் காரணம் என்பது பிறகு தெரிந்தது. உடம்பு சூடானால் சோடியம் வாசல்கள் சீக்கிரம் மூடிக்கொள்ளும். நல்ல நரம்புக்கு அது உறைக்காது. உறை தேய்ந்த நரம்புக்கு அரை டிகிரியே போதும், சமிக்ஞை தாவ முடியாமல் விழுந்துவிடும். ஸ்கேன் இல்லாத காலத்தில் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்துப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கிற வழக்கம்கூட இருந்தது. என்ன ஜென்மங்களோ!

குளிர்ந்ததும் பழையபடி ஆகிவிடுகிறது என்றால் அது புதுச் சேதம் இல்லை, பயப்படாதே. சூடோ காய்ச்சலோ இல்லாமல் ஒரு நாளைக்கு மேல் மங்கல் நீடித்தால் உடனே டாக்டரிடம் போ. சிறுநீர்த் தொற்றும் இதே வேலையைச் செய்யும், அதையும் பரிசோதிக்கச் சொல். பையில் ஈரத் துண்டும் தண்ணீர் பாட்டிலும் இருக்கட்டும். குற்றாலத்தில் தாராளமாகக் குளி. கம்பியைப் பிடித்துக்கொள், பாசி வழுக்கும். சிலருக்குக் குளிர்ந்த தண்ணீரில் கால் விறைக்கும். அப்படி விறைத்தால் மெயின் அருவிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கரையேறிவிடு.

கேள்வி: மைட்டோகாண்ட்ரியா அம்மாகிட்ட இருந்து மட்டும்தான் பிள்ளைக்கு வரும்னு படிச்சேன். அப்போ என் மகனுக்கு இந்த நோய் வந்தது என்னாலதானா?
— ஒரு தாய், மேலப்பாளையம்

பதில்: இல்லை. மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாக 37 மரபணுக்கள் உண்டு, அவை தாய்வழியில் வருவதும் உண்மை. ஆனால் எம்.எஸ்.ஸில் பெரும்பாலும் நடப்பது பிறவிக் கோளாறு இல்லை. வருடக்கணக்கான அழற்சியில் மைட்டோகாண்ட்ரியாவின் மரபிழையில் துண்டு துண்டாக விடுபட்டுப்போவது பின்னால் சேர்கிற சேதம். இறந்தவர்களின் மூளை நரம்புச் செல்களில் அதைப் பார்த்திருக்கிறார்கள். லெபர் பார்வை நரம்பு நோய் என்று தாய்வழி மைட்டோகாண்ட்ரியா நோய் ஒன்று உண்டு. அது இருந்த சில பெண்களுக்கு எம்.எஸ். மாதிரியே நோய் வந்ததை 1992இல் பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் அனிதா ஹார்டிங் எழுதினார். அபூர்வம் அது. ரெண்டு கண்ணிலும் பார்வை போய்த் திரும்பாமலே இருந்தால் டாக்டர்களே அதைத் தேடுவார்கள்.

எம்.எஸ். ஏன் வருகிறது என்றால், பரம்பரை கொஞ்சம். எப்ஸ்டீன்-பார் வைரஸ் பெரிய பங்கு. அமெரிக்க ராணுவத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை வைத்து 2022இல் வந்த ஆய்வு, அந்தத் தொற்றுக்குப் பிறகு ஆபத்து 32 மடங்கு கூடியதாகச் சொன்னது. அந்த வைரஸ் உலகத்தில் பெரும்பாலான பேருக்கு எச்சில் வழியாக வந்து போயிருக்கும், அவர்களில் மிகச் சிலருக்குத்தான் இந்த நோய். நீங்கள் எதுவும் பண்ணவில்லை, தாயே. இதை நினைத்து ராத்திரி முழித்துக் கிடக்காதீர்கள்.

கேள்வி: "மைட்டோகாண்ட்ரியாவைத் தூண்டும்" மாத்திரைன்னு ஒருத்தர் கொடுத்தார். மாசம் 4,000 ரூபாய். பயோட்டின், கோ-என்சைம் எல்லாம் இருக்காம். அக்காவுக்கு வாங்கலாமா?
— ஒரு தம்பி, தென்காசி

பதில்: வேண்டாம். அந்தக் காசில் அக்காவுக்கு ஒரு நல்ல பிசியோதெரபிஸ்டைப் பிடி.

விவரம் வேண்டுமென்றால் கேள். ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் பயோட்டின் என்ற வைட்டமினை வைத்து நடந்த முதல் ஆய்வு ஆசை காட்டியது, நானும் ஆசைப்பட்டேன். 642 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2020இல் வெளிவந்தபோது பலன் இல்லை. அது மட்டுமா, அந்த அளவு பயோட்டின் தைராய்டு ரத்தப் பரிசோதனையைப் பொய் சொல்லவைக்கும். கோ-என்சைம் க்யூவின் பங்காளியான ஐடிபெனோனையும், தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லக் கூடும் வகை எம்.எஸ்.ஸில் சோதித்தார்கள், முடக்கத்தை அது தடுக்கவில்லை. சர்க்கரைக்குக் கொடுக்கும் பயோகிளிட்டசோன், எலிகளில் உறை இழந்த நரம்புக்குள் மைட்டோகாண்ட்ரியா போய்ச் சேர்வதைக் கூட்டி நரம்பைக் காப்பாற்றியது. நல்ல சேதிதான், ஆனால் எலி. அப்பாவின் சர்க்கரை மாத்திரை அட்டையிலிருந்து அக்காவுக்குக் கிள்ளிக் கொடுத்துவிடாதே.

டாக்டர் எழுதிய மருந்தை நிறுத்திவிட்டு இந்த டப்பாவை வாங்கினவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதுதான் என் பயம். என்ஜினைப் புகை அடைக்கிறது என்றால் முதலில் புகையை நிறுத்த வேண்டும், அழற்சியை அடக்கும் மருந்து அதைத்தான் செய்கிறது. அது போக, நடை. காலையில் வெயில் ஏறுவதற்கு முன் கால் அனுமதிக்கிற தூரம். நான் வ.உ.சி. மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு தரம் உட்கார்ந்து, அடுத்த சுற்றைப் பாதியில் முடிப்பேன்.

கேள்வி: எனக்கு எம்.எஸ். வந்து ஏழு வருசம். பீடியை விட்டா கால் நேராயிருமா?
— முக்கூடல் வாசகர்

பதில்: நேராகாது அண்ணாச்சி, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நோய் தெரிந்த பிறகும் புகைக்கிற ஒவ்வொரு வருடமும், நோய் அடுத்த கட்டத்துக்குப் போகிற வேகத்தை 4.7 சதவீதம் கூட்டுவதாக ஸ்வீடனில் கணக்கெடுத்து 2015இல் எழுதியிருக்கிறார்கள். பீடிப் புகையில் சயனைடும் கார்பன் மோனாக்சைடும் இருக்கின்றன. முதல் பதிலில் சொன்ன அந்த நான்காம் கூட்டமைப்பின் வாயை அடைப்பதில் ரெண்டும் கெட்டிக்காரர்கள். ஒரு நாளைக்கு எத்தனை கட்டு என்று எழுதவில்லையே. அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.