ஒட்டு உறவு

கேள்வி: மூன்று இதழாகப் புக்கிட் ஜாலில் விளையாட்டரங்கத்தைப் பற்றியே எழுதித் தள்ளுகிறீர்களே, அந்தக் கோலாலம்பூர்க் கட்டடத்துக்கும் எங்களைப் போன்ற தோட்டத்து ஆட்களுக்கும் என்ன ஐயா ஒட்டு உறவு? எங்கள் திடலைப் பற்றி எழுதினால் பேனா தேய்ந்துவிடுமா?
- வாசகர் ஒருவர், பந்திங்

பதில்: பேனா தேயாது. இப்போதெல்லாம் நான் கைப்பேசியில்தான் தட்டுகிறேன். ஆனால் ஒட்டு உறவு என்று கேட்டீர்கள் பாருங்கள், அது சுருக்கென்றது.

புக்கிட் ஜாலில் ஒரு ரப்பர்த் தோட்டத்தின் பெயர் ஐயா. இருட்டோடு பெரட்டு என்ற ஆள்கணக்குக்கு நின்று, பால் பிடிக்கும் மங்கு துடைத்து, நம் ஆட்கள் பால் வெட்டிய மண். 1998 காமன்வெல்த் போட்டிக்காக அரங்கம் எழுந்தது அங்கேதான். தோட்டம் போயிற்று, கடைசியாக மிஞ்சிய குடும்பங்கள் நாலு ஏக்கர் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடின. 80,000 பேருக்கு மேல் உட்கார இடம் கிடைத்த ஊரில் அந்த நாலு ஏக்கருக்கு அவ்வளவு இழுபறி! ஷா ஆலாம் கதையும் இதே ஜாதிதான். சுங்கை ரெங்கம் தோட்டப்புறம் நகரமாகி, 1994இல் பெரிய அரங்கம் வந்தது. 2024இல் அதையும் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஆட்டத்துக்கு வருவோம். 2010 டிசம்பர் 26, தென்கிழக்காசியக் காற்பந்துக் கிண்ண இறுதியின் முதல் ஆட்டம், புக்கிட் ஜாலிலில். நம் மலேசிய அணிக்கு எதிரே இந்தோனேசியா. பார்வையாளர் பக்கமிருந்து யாரோ லேசர் ஒளியை அவர்கள் கோல் காவலர் முகத்தில் அடிக்க, ஆட்டமே சில நிமிடம் நின்றது. (அந்த அசிங்கத்துக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன்.) மறுபடி தொடங்கிய பிறகு நம் அணிக்கு மூன்று கோல். இரண்டாவது ஆட்டத்தில் ஜகார்த்தாவில் 2-1 என்று தோற்றும் கிண்ணம் நம்மிடமே வந்தது. பயிற்றுநர் யார்? கே. ராஜகோபால். பந்தோடு ஓடியவர்களில் ஒருவர் எஸ். குணாளன். இனியும் உறவுமுறை கேட்பீர்களா?

ஒரு விஷயத்தில் உங்கள் கட்சிக்கு நானே வருகிறேன். காற்பந்து பார்க்க அந்த அரங்கம் அவ்வளவு தோதான இடமில்லை. ஆடுகளத்தைச் சுற்றி ஓட்டப் பாதை. அதைத் தாண்டி இருக்கைகள் தொடங்கி, மாடி மாடியாக மேலே போகின்றன. நான் ஒருமுறை மேல்மாடியில் உட்கார்ந்தேன். பந்து ஒட்டுப்பால் (உறைந்த ரப்பர்ப் பால்) உருண்டை அளவுக்குத்தான் தெரிந்தது. கூரை மட்டும் அழகு, கல்யாணப் பந்தலை வானத்தில் இழுத்துக் கட்டியது போல.

நம் தோட்டத்துத் திடலில் கோட்டோரம் நின்றால், முழங்காலுக்குக் கீழே எலும்பும் எலும்பும் மோதும் சத்தமே கேட்கும். நான் வளர்ந்த தோட்டத்தில் ஒரு கோல் கம்பத்துக்குப் பின்னால் சாக்கடை. கோல் போட்டவனே இறங்கிப் பந்தை எடுத்து, கள்ளுக்கடைக் குழாயில் கழுவிக்கொண்டு வரவேண்டும் என்பது எங்கள் சட்டம். அதனால் கோல் போட்டவன் முகத்தில் சந்தோஷத்தைப் பார்ப்பது அரிது.

இன்னொன்று தெரியுமா? அந்தத் திடலில் மண்டியிருந்த அதே அகல இலை மாட்டுப்புல்தான் புக்கிட் ஜாலிலிலும் நெடுநாள் இருந்தது. பிறகுதான் மெல்லிய ஸோய்சியா ரகத்துக்கு மாற்றினார்கள்.

உங்கள் திடலைப் பற்றி எழுத எனக்கு ஆசைதான். எந்தத் தோட்டத்து அணி வந்து ஆடும், கேடயம் யார் தருவார், எந்தப் பக்கம் சரிவு, மழை வந்தால் எங்கே ஒதுங்குவீர்கள், எல்லாம் வேண்டும். ஆனால் ஒன்றரைப் பக்கத்துக்கு என்னைத் திட்டி எழுதிய கடிதத்தில் அந்தத் திடல் எந்தத் தோட்டத்தில் இருக்கிறது என்று ஒரு வரி இல்லையே ஐயா!