போர் முடிந்த பிறகு பிறந்த பிள்ளைகளையும் போர் பாதிக்குமா?

கேட்டவர் இலங்கையில் போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு பிறந்தவர்களைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார். செல் குண்டுச் சத்தமே கேட்காத பிள்ளைகளுக்கு என்ன பாதிப்பு வந்துவிடப் போகிறது, எல்லாம் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி ஏற்றிவிடுவதுதானே என்று. நான் திருகோணமலைக்காரன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், மனைவியின் ஊர் அதே மாவட்டத்துச் சம்பூர். பாதிப்பு இருக்கிறது என்பதுதான் என் பதில். ஆனால் சொல்லிச் சொல்லி ஏற்றுவது எங்கள் பக்கம் நடக்கவில்லை. எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை.

இந்தக் கேள்வி வந்தாலே மரபணுவில் ஆரம்பிப்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் ரேச்சல் யெஹுதா என்ற ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் ஹிட்லரின் யூதப் படுகொலையில் தப்பியவர்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் பரிசோதித்தார்கள். மன அழுத்தத்தோடு தொடர்புடைய ஒரு மரபணுவில் ஒட்டியிருக்கும் வேதியியல் குறிகளில் இரண்டு தலைமுறையிலுமே வித்தியாசம் இருப்பதைக் கண்டார்கள், அது உண்மை. ஆனால் அதில் சேர்ந்த பெற்றோர் 32 பேர், பிள்ளைகள் 22 பேர்தான். அதை வைத்துக்கொண்டு சம்பூர்ப் பிள்ளை ஒன்று படிக்காமல் இருப்பதற்கு நான் காரணம் சொல்லப் போவதில்லை, கண்ணுக்கு முன்னால் கிடக்கிற காரணங்களே தாராளம்.

முதலில் காணி. கிழக்கில் வீடும் வளவும் பெரும்பாலும் பெண்பிள்ளைக்குத்தான் போகும், ஆண்பிள்ளை கலியாணம் கட்டிக்கொண்டு மனைவியின் வீட்டுக்குப் போவான். நானும் அப்படிப் போக வேண்டியவன்தான், போவதற்கு வீடு இருக்கவில்லை. சம்பூர்ப் பக்கம் 2006 ஏப்ரலில் விமானக் குண்டு விழுந்தது, செப்டம்பர் தொடக்கத்தில் ஊர் இராணுவத்தின் கைக்குப் போனது. சனம் வாகரை, மட்டக்களப்பு என்று ஓடி அலைந்து, பிறகு கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களுக்கு வந்து சேர்ந்தது. ஊரை உயர் பாதுகாப்பு வலயம் என்றார்கள், அப்புறம் முதலீட்டு வலயம் என்றார்கள், இந்தியாவோடு சேர்ந்து நிலக்கரி மின் நிலையம் என்றார்கள். 2015ல்தான் சனத்தைத் திரும்பப் போய்க் குடியேற விட்டார்கள். அடுத்த வருடமே நிலக்கரித் திட்டத்தைக் கைவிட்டார்கள் என்பது தனிக் கதை. இப்போது சூரிய மின்சாரம், மோடி 2025 ஏப்ரலில் கொழும்பு வந்தபோது அங்கிருந்தபடியே தொடங்கி வைத்தார்.

ஒன்பது வருடம் என்றால் ஒரு குடும்பத்தில் என்னென்ன நடந்து முடிந்துவிடும் என்று யோசித்துப் பாருங்கள். என் மாமிக்கு மூன்று பெண்பிள்ளைகள். மூத்தவளைப் பதினேழு வயதிலேயே கட்டிக் கொடுத்துவிட்டார்கள், கலியாணம் ஆனவளை இயக்கம், அதாவது விடுதலைப் புலிகள், கூட்டிக்கொண்டு போகாது என்ற நம்பிக்கையில். அந்தக் காலத்தில் அங்கே பல வீடுகளில் இதுதான் நடந்தது. ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சை எழுத வேண்டிய வருடத்தில் அவளுக்குக் கையில் பிள்ளை. இரண்டாவது என் மனைவி. மூன்றாமவளுக்குக் கலியாணம் பேசியது முகாமில் இருக்கும்போது. சீதனமாக எழுதிக் கொடுக்க வளவு இருக்கிறது, காணி உறுதியும் பத்திரமாக இருக்கிறது, ஆனால் உள்ளே கால் வைக்க முடியாது. மாப்பிள்ளை வீட்டார் அதைக் காணியாகவே கணக்கெடுக்கவில்லை, நியாயம்தானே, அவர்களும் இன்னொரு முகாமில் இருந்தவர்கள். காணிக்குப் பதில் காசு என்றாகி, காசுக்குக் கடன் என்றாகி, கடனைக் கட்ட அவள் வீட்டு வேலைக்குக் குவைத் போனாள். அவளுடைய மகன், என் பெறாமகன், நடை பழகியதிலிருந்து அம்மம்மாவிடம்தான் வளர்கிறான்.

அவன் போர் முடிந்த பிறகு பிறந்தவன். ஒரு துவக்குச் சத்தம்கூடக் கேட்டிருக்க மாட்டான். போர் உன்னைப் பாதித்ததா என்று அவனிடம் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வான், ஏனென்றால் அம்மா ஏன் குவைத்தில் இருக்கிறாள் என்பதற்கு அவனுக்குத் தெரிந்த காரணம் கடன் மட்டும்தான். கேள்வி கேட்டவரைப் போன்றவர்கள் தவறவிடுகிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன். மூன்றாவது தலைமுறைக்கு வரும்போது அது கடன், படிப்பு இல்லாத தாய், குடிக்கிற தகப்பன், காணி எல்லைச் சண்டை என்று சாதாரண வறுமை மாதிரியேதான் தெரியும். யாரும் அதைப் போரின் கணக்கில் எழுத மாட்டார்கள்.

குடியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, 2004 சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2008ல் வெளியானது. வீட்டில் பிள்ளை அடி வாங்குவதற்கும், தகப்பன் குடிப்பதற்கும், அந்தப் பிள்ளை எவ்வளவு போரைப் பார்த்தது என்பதற்கும் தொடர்பு இருப்பதாக அதில் கண்டார்கள். அன்றைய பள்ளிப் பிள்ளைகள்தான் இன்றைக்குத் தாய் தகப்பன்மார்.

சரி, இனி என் வீட்டுக்கு வருகிறேன். எங்களுடையது பட்டணம், காணி போகவில்லை, அகதி முகாமும் இல்லை. ஆனாலும் என் மகனுக்கு ஒரு சட்டம் இருக்கிறது: பொழுது பட்ட பிறகு கடற்கரையில் கூட்டாளிமாரோடு இருக்கக் கூடாது. திருகோணமலை தெரிந்தவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை. தெரியாதவர்களுக்கு: 2006 ஜனவரி 2ஆம் திகதி, மாலை வேளையில், காந்தி சிலைக்குப் பக்கத்துக் கடற்கரையில் கதைத்துக்கொண்டிருந்த ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கிட்டத்தட்ட என் வயதுப் பெடியள். அந்த வழக்கில் பிடிபட்டிருந்த 13 பேரையும் 2019 ஜூலையில் நீதிமன்றம் விடுவித்தது. அதே கடற்கரையில் இப்போது ஐஸ்கிரீம் வான், பட்டம், வெள்ளைக்காரர், பிள்ளைகுட்டியோடு சனம். மகன் கேட்கிறான், எல்லாரும் இருக்கிறார்கள்தானே, எனக்கு மட்டும் ஏன் கூடாது என்று. என் மனைவி சொல்கிற பதில், “அப்பா சொன்னால் கேள்.” அவனுக்கு விளங்குவது என்ன? அப்பாவுக்கு என் கூட்டாளிமாரைப் பிடிக்கவில்லை, என்னை நம்பவில்லை. என் பயம் அவனிடம் போய்ச் சேரும்போது கோபமாக மாறிவிடுகிறது.

எங்கள் ஒழுங்கையிலேயே இன்னொரு வீடு. 1990ல் பிடித்துக்கொண்டு போன மகன் வரவில்லை. தாய் இன்னும் மரணச் சான்றிதழ் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டார். 2016ல் சட்டம் மாற்றிக் காணாமல் போனவர்களுக்கென்று தனிச் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கினார்கள், அதையும் அவர் வேண்டாம் என்றுவிட்டார். சில வருடம் முன்பு அந்த வீட்டில் பேரன் ஒருவன் பிறந்தபோது பெரியப்பாவின் பெயரை வைக்கலாம் என்று தகப்பன் ஆசைப்பட, கிழவி குழந்தையையே தூக்கவில்லை. பெயரை வைத்தால் மகன் இல்லை என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமாம். வேறு பெயர்தான் வைத்தார்கள். 

இது தமிழர் வீட்டுக் கதை மட்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2006 ஆகஸ்டில் மூதூர் முஸ்லிம் சனம் கந்தளாய்ப் பக்கம் நடந்தே ஓடியது. என்னோடு வேலை செய்கிற மூதூர்ப் பெடியன் அப்போது சின்னப் பிள்ளை, இன்றைக்கும் வீட்டில் சோறு மிஞ்சினால் அவனுடைய உம்மாவுக்குக் கொட்ட மனம் வராதாம், மருமகளோடு தினமும் அதில் சண்டை.

நீங்கள் ஆசிரியராகவோ பெற்றோராகவோ இருந்து கேட்டிருந்தால்: பிள்ளை தூங்குவதில்லை, பள்ளிக்கூடம் போக மறுக்கிறது, தன்னைத் தானே காயப்படுத்துகிறது என்றால் அரச ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், 1926 என்ற மனநல உதவி எண்ணுக்கும் அடிக்கலாம். அதில் வெட்கம் வேண்டாம். ஆனால் எல்லாவற்றையும் மனநோய் ஆக்கி மாத்திரையோடு அனுப்பிவிட முடியாது. என் பெறாமகனுக்கு வேண்டியது அவனுடைய அம்மா. அவள் வருவதற்குக் கடன் முடிய வேண்டும், கடன் முடிய அந்த வளவில் அவள் பங்கைப் பிரித்து எழுத வேண்டும், வேலிக் கட்டை ஒன்றுகூட மிஞ்சாத இடத்தில் எல்லை எது என்று பக்கத்துக் காணிக்காரரோடு இன்னும் பேச்சு முடியவில்லை.