ஓவிய வகுப்பு விமர்சனத்துக்கு வைக்கும் அரக்கன் பாத்திரத்தை 'எங்கேயோ பார்த்த மாதிரி' இல்லாமல் வடிவமைப்பது எப்படி?

கொம்பு, வௌவால் இறக்கை, கோரைப்பல், சிவப்புத் தோல் எல்லாம் வரைந்தாயிற்று, ஆனாலும் புதிதாகத் தெரியவில்லை என்கிறீர்கள். கொம்பை இன்னும் நீளமாக்கினாலும் புதிதாகத் தெரியாது. அந்த உடம்பு எப்படி இயங்குகிறது என்று முடிவு செய்யாதவரை அதெல்லாம் மேலே மாட்டிய அலங்காரம்தான்.

இறக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். வௌவாலின் இறக்கை என்பது அதன் கை. நீண்டுபோன விரல் எலும்புகளுக்கு நடுவே தோல் விரிந்திருக்கிறது. நாமோ இரண்டு கையையும் விட்டுவைத்து, முதுகில் தனியாக இறக்கையை ஒட்டுகிறோம். அப்படியென்றால் இரண்டாவது ஜோடித் தோள் எங்கே? இறக்கையை அடிக்கிற தசை எந்த எலும்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது? இதற்குப் பதில் தேடி வரைந்து பாருங்கள். நெஞ்சு முன்னே புடைக்கும், முதுகு வளையும், நீங்கள் திட்டமிடாத ஒரு உருவம் வந்து நிற்கும். கால் விஷயமும் அப்படித்தான். ஆட்டின் பின்னங்காலில் பின்பக்கமாக மடங்குவது போலத் தெரிவது முட்டி இல்லை, குதிகால். முட்டி மேலே வயிற்றை ஒட்டி இருக்கிறது.

கொம்புள்ள ஆடு மாடுகளுக்கு மேல்தாடையில் முன்பற்களே கிடையாது. கோரைப்பல் வேட்டையாடும் பிராணியின் ஆயுதம். இரண்டையும் ஒரே தலையில் வைக்கலாம், அரக்கன்தானே! ஆனால் தெரிந்து வையுங்கள். கண்ணும் கதை சொல்லும். ஆட்டின் கண்மணி படுக்கைவாட்டில் இருப்பது எந்தப் பக்கத்திலிருந்து ஆபத்து வந்தாலும் பார்ப்பதற்கு. பூனைக்குச் செங்குத்தாக இருப்பது பதுங்கிப் பாய்வதற்கு. ஆட்டுக்கண் வைத்த அரக்கன் எதற்கோ பயந்துகொண்டிருக்கிறான். எனக்கு எந்தக் கோரைப்பல்லையும்விட அவன்தான் சுவாரசியமானவன்.

மைக்கேலாஞ்சலோ சிறுவனாக இருந்தபோது, புனித அந்தோணியாரைப் பேய்கள் வதைக்கும் காட்சியை ஜெர்மன் ஓவியர் மார்ட்டின் ஷோன்கௌவரின் அச்சுச் செதுக்கோவியத்தைப் பார்த்து வரைந்தார். அதற்காக மீன் சந்தைக்குப் போய் மீன்களின் துடுப்பையும் கண்ணின் நிறத்தையும் கவனித்தார் என்று, அவர் உயிரோடிருக்கும்போதே வரலாற்றை எழுதிய கொண்டிவி சொல்கிறார். பேயைக் கற்பனையிலிருந்து எடுக்கலாம், அதன் செதிலை மீனிடம்தான் எடுக்க வேண்டும்.

சரி, வகுப்பு. முழுதாக வண்ணம் தீட்டிய ஒரே படத்தைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். பளபளப்பான படத்தைப் பார்த்ததும் 'நல்லா இருக்கு' என்றுதான் சொல்லத் தோன்றும். உட்புறம் முழுக்கக் கறுப்பாக நிரப்பிய நிழலுருக்கள் சில, ஒரு எலும்பு ஸ்கெட்ச், நீங்கள் தேர்ந்தெடுத்த ரஃப் ஆகியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நிழலுருவிலேயே ஆளை அடையாளம் தெரியவில்லை என்றால் வண்ணம் வந்து காப்பாற்றாது.

கதையை முதலில் சொல்லிவிடாதீர்கள். 'இவன் ஆயிரம் வருடம் சிறையில் இருந்தவன்' என்று ஆரம்பித்தால் எல்லாரும் அதையே படத்தில் தேடுவார்கள். 'எப்படி இருக்கு?' என்றும் கேட்க வேண்டாம். 'இவனுக்கு என்ன வேண்டும் என்று தோன்றுகிறது?', 'உங்கள் கண் முதலில் எங்கே போனது?' என்று கேளுங்கள். பதில் வரும்போது குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள், இதுதான் கஷ்டம். 'நீல நிறமாக்கு' என்று ஒருவர் சொன்னால் அதை அப்படியே செய்ய வேண்டியதில்லை. இப்போதைய நிறத்தில் அவரை எது உறுத்தியது என்று திருப்பிக் கேளுங்கள், அதில்தான் விஷயம் இருக்கும். ஆனால் முகத்தை விட்டுவிட்டு இடுப்புப் பட்டையைத்தான் முதலில் பார்த்தோம் என்று பலர் சொன்னால், வாதாடாமல் பட்டையைக் குறைத்துவிடுங்கள்.

அப்புறம், படத்தில் ரத்தமோ வதையோ தூக்கலாக இருந்தால் ஆசிரியரிடம் முன்பே காட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் இதை வரையலாமா கூடாதா என்ற பேச்சிலேயே உங்கள் நேரம் முடிந்துவிடும், தோள் எலும்பைப் பற்றி யாரும் பேசவே மாட்டார்கள்.